மஞ்சள் படிந்த மோவாய்

மகனே,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து உன்னுடையது, வார்த்தைகள் உன்னுடையவை அல்ல. 'பூனையின் தோல் வியாதி பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொற்றிக்கொள்ளும் அபாயம் இருப்பதாகப் பெரியவர்கள் கருதுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். 'அபாயம்' என்றும் 'கருதுகிறார்கள்' என்றும் எழுதுகிற ஆள் இல்லை நீ. பெரியவர்கள் என்று பொதுவாகப் போட்டிருக்கிறாய். அந்தப் பெரியவர்களில் நான் இல்லை, உன் அம்மா இல்லை. மிச்சம் இருப்பது பெரியகுளத்தில் இருக்கும் உன் மாமியார் ஒருத்தர்தான். அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். அதற்குள் அந்தப் பூனையை, நம் மிளகை, வத்தலக்குண்டு மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாயாம். அங்கே மீன் கழிவு கிடக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று வேறு எழுதியிருக்கிறாய். கழிவு கிடக்கிறது, சரி. அதற்குக் காவலாக எத்தனை நாய் கிடக்கிறது என்பதை ஏன் எழுதவில்லை? பஸ்கள் பின்னோக்கி வரும்போது யாராவது கீழே குனிந்து பார்க்கிறார்களா என்பதை ஏன் எழுதவில்லை? அது வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனை. உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பொருட்களில் உயிருள்ளது அது ஒன்றுதான்.

இதைத் தபாலில் போடவில்லை. தபால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தாலும் முதலில் யார் பிரிப்பார்கள் என்பது தெரியாது. பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து, உன் கையில் மட்டும் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் தலையாட்டிய விதமும் எனக்கு அவ்வளவு திருப்தியாக இல்லை. இருந்தாலும் வேறு வழி இல்லை. முழுவதும் படி. பாதியில் மடித்து வைக்காதே. நீ அப்படிச் செய்வாய்.

முதலில் நீ எழுதியதையே எடுத்துக்கொள்கிறேன். மிளகு கழுத்தையும் காதடியையும் முகத்தையும் ஓயாமல் சொறிகிறது. தடவிப் பார்த்தால் முடிக்கு அடியில் கேழ்வரகு தூவியதுபோல் பொருக்கு. வயிற்றுப் பக்கம் நக்கி நக்கி வழுக்கையாகிவிட்டது. சில நாள் சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறது. சரி. உனக்கு அரிக்கிறதா? இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் உன் பெண்டாட்டி ஜெசிந்தாவுக்கு அரிக்கிறதா? அரித்திருந்தால் அதைத்தான் நீ முதல் வரியில் எழுதியிருப்பாய். பக்கத்து வீட்டுப் பூனை இதோடு சண்டை போட்டுப் புரள்கிறது என்று போன கடிதத்தில் எழுதினாயே, அதற்கு வந்ததா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. யாருக்கும் ஒட்டாத வியாதியை ஒட்டும் வியாதி என்று சொல்லி வீட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இது சொறி இல்லை. தின்கிற ஏதோ ஒன்று அதற்கு ஆகவில்லை. சில மனிதர்களுக்குக் கத்திரிக்காய் சாப்பிட்டால் தடிக்கிற மாதிரி.

நான் படித்தவன் இல்லை என்று உன் மாமியார் சொல்வார். சொல்லட்டும். பள்ளிக்கூடத்தில் பைப் வேலை பார்த்தவனுக்குப் பூனையைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்பார். பைப் வேலை பார்த்ததால்தான் தெரியும். அதைத்தான் எழுதப்போகிறேன். நம் பழைய பூனை உபதேசியை உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ நினைவு வைத்திருக்கும் கதையும் நடந்த கதையும் ஒன்றல்ல.

எமர்ஜென்சிக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. நாம் எல்லோரும் இதே பள்ளிக்கூடத்து லைனில், வேலைக்காரர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், இருந்தோம். பூனைக்கு உடம்பெல்லாம் கறுப்பு, மோவாயிலும் கழுத்திலும் மட்டும் வெள்ளை. சுவர் மேல் ஏறி உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் உபதேசி என்று நீதான் பெயர் வைத்தாய். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்கும் நிஜ உபதேசியாருக்கு அது பிடிக்கவில்லை. உன் அம்மாவிடம் இரண்டு முறை ஜாடையாகச் சொன்னார். எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்தப் பூனைக்குத்தான் அரிப்பு வந்தது. பின்காலால் கழுத்தைப் பறித்துப் பறித்து ரத்தம் வரும். லைன் முழுவதும் வைத்தியர்கள் ஆனார்கள். ஒருவர் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். ஒருவர் வேப்பெண்ணெய் என்றார். பூனை தன் உடம்பை நக்கும், நாம் தடவியதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது உன்னிடமும் யாராவது மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்திருப்பார்கள். திருப்பி அனுப்பு.

மாட்டு டாக்டர் ஒருவர் ஊசி போட்டார். நான்கைந்து நாள் பூனை சும்மா இருந்தது. எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறந்தாற்போல் எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி ஊசி, மறுபடி நான்கைந்து நாள். ஒழுகும் பைப் மூட்டில் துணியைச் சுற்றினால் கொஞ்ச நேரம் நிற்கும், அவ்வளவுதான். ஊசி தப்பு என்று நான் சொல்லவில்லை. புண் சீழ் வைத்தால் நீயும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் ஊசி போட்டதும் நின்றது என்பதால் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைக்காதே.

தெள்ளுப் பூச்சி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். நீயும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உன் அம்மாவின் பேன் சீப்பை எடுத்து வாலடியிலும் முதுகிலும் வாரினேன். சீப்பில் வந்த கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டினேன். தெள்ளின் கழிவாக இருந்தால் ஈரம் பட்டதும் ரத்தக் கறைபோல் சிவக்கும். சிவக்கவில்லை. அது வெறும் மண். மறுநாளும் பார்த்தேன், அடுத்த நாளும் பார்த்தேன். அந்த வாசலை அடைத்துவிட்டேன். அடுத்தது பருவம். பூ பூக்கிற காலத்தில் மட்டும் வருகிற அரிப்பாக இருந்தால் மழையில் குறைய வேண்டும். உபதேசி மூடுபனியிலும் சொறிந்தது, மே வெயிலிலும் சொறிந்தது. ஒரே ஒரு காலத்தில் மட்டும் சொறியவில்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது.

தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நோன்பு நாளில், பூனைக்குக் குணமானது. சாம்பல் புதன் கழிந்து கொஞ்ச நாளில் பொருக்கு உதிர ஆரம்பித்தது. குருத்து ஞாயிறு வரும்போது கழுத்தில் புது முடி. ஈஸ்டர் முடிந்த வாரத்திலேயே மறுபடி சொறிய ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷமும் அப்படியே. உன் அம்மா அதை அற்புதம் என்றாள். சாம்பல் பூசிய கையால் பூனையைத் தடவினாளாம். தெரசம்மா, நமக்குப் பால் ஊற்றிய பக்கத்து வீட்டுக்காரி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்:

"உபதேசி நோன்பு இருக்குல்ல, அதான் கொணமாயிருச்சு. லைன்லயே ஒழுங்கா தவசு இருக்கிறது அது ஒண்ணுதான். ஆம்பளையளுக்குச் சொல்லுங்க."

எனக்கு அற்புதத்தில் நம்பிக்கை உண்டு. ஆனால் அற்புதம் ஈஸ்டரோடு முடிந்துபோகும் என்பதில் நம்பிக்கை இல்லை. நாற்பது நாளும் வீட்டில் என்ன நடக்கவில்லை என்று யோசித்தேன். கறி வாங்கவில்லை. மற்ற நாட்களில் வாரம் ஒரு முறை மாட்டுக்கறி வாங்குவோம், பூனைக்கும் சவ்வும் துண்டும் போகும். தவக்காலம் முழுக்க அதற்குச் சோறும் உப்புக் கழுவிய நெத்திலியும்தான். ஆக, மாட்டுக்கறிதான் திருடன் என்று முடிவு கட்டினேன். எல்லோரும் அப்படித்தான் முடிவு கட்டுவார்கள். தவக்காலம் என்றாலே கறி நிறுத்துவது என்றுதானே நம் தலையில் இருக்கிறது. அந்த ஈஸ்டரிலிருந்து பூனைக்கு மாட்டுக்கறி கிடையாது என்று சட்டம் போட்டேன். மாதக்கணக்கில் ஒரு துண்டு போகவில்லை. பூனை சொறிந்துகொண்டே இருந்தது.

அப்போது எனக்கு வந்த கோபம் பூனை மேல் இல்லை, என் மேல். பள்ளிக்கூடத்து டேங்கிலிருந்து ஆறு பக்கம் பைப் பிரிகிறது. மலைச்சரிவில், மண்ணுக்கடியில், புதருக்கடியில் ஓடுகிறது. எங்கேயோ ஒழுகி டேங்க் இறங்குகிறது என்றால் நான் என்ன செய்வேன்? ஈரமாகத் தெரிகிற இடத்தைப் போய்த் தோண்டுவேனா? கொடைக்கானலில் எல்லா இடமும் ஈரம்தான். எல்லா கேட் வால்வையும் அடைப்பேன். டேங்கில் மட்டம் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்ற பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பேன். ஒன்றைத் திறந்து, காத்திருந்து, மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. எந்த வால்வைத் திறந்ததும் மட்டம் இறங்குகிறதோ அந்த லைனில்தான் ஒழுகல். பூனை விஷயத்தில் நான் ஒரே ஒரு வால்வை அடைத்துவிட்டு மட்டம் ஏன் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கற்றுக்குட்டி செய்கிற வேலை அது.

எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். ஆனால் பூனையைப் பட்டினி போட முடியாது. ஆகவே அது பிறந்ததிலிருந்து தின்றிராத ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டும். வாயிலேயே படாத பொருளுக்கு உடம்பு முன்கூட்டியே விரோதம் பாராட்டியிருக்காது என்பது என் யோசனை. நம் வீட்டில் ஆட்டுக்கறி வாங்கியதே இல்லை. ஞாயிற்றுச் சந்தைக்கு மன்னவனூர்க்காரர் ஒருவர் செம்மறிக் கறி கொண்டுவருவார். அதை வாங்கி உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் தனிச்சட்டியில் வேகவைத்தேன். கொஞ்சம் ஈரலும் அதே ஆட்டினுடையது. வேறு ஒரு பருக்கை கிடையாது, நெத்திலி கிடையாது. உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்:

"கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து எனக்கு ஒரு வெந்நி வச்சுக் குடுத்திருக்கீங்களா? பூனைக்குத் தனிச்சட்டியாம், ஈரலாம்."

"ஒனக்கு அரிச்சா சொல்லு, வச்சுத் தாரேன்" என்றேன். அதற்காக இரண்டு நாள் பேசவில்லை.

பூனையை வெளியே விடவில்லை. ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தேன். முதல் இரண்டு வாரத்தில் வாந்தி நின்றது. தோல் ஆற அதைவிட நாள் ஆகும் என்பது தவக்காலம் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். பொறுத்தேன். பொருக்கு காய்ந்தது. பிறகு ஒரு காலையில் பார்க்கிறேன், காதடியில் புது ரத்தம்.

யாரோ ஒரு வால்வைத் திறந்துவிட்டார்கள். ஆட்டுக்கறி அல்லாத ஏதோ ஒன்று பூனையின் வாய்க்குப் போகிறது. யார்? வீட்டுக்கு வருகிற வெளியாள் ஒருத்திதான். தெரசம்மா காலையில் பால் ஊற்ற வருவாள், அடுப்படி வரைக்கும் வருவாள். முன்பெல்லாம் உபதேசிக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றுவாள், அது எனக்குத் தெரியும். ஊற்றாதீர்கள் என்று சொன்னபோது முகத்தைச் சுளித்தவள். பால்தான் காரணம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆட்டுக்கறி தவிர எது போனாலும் என் சோதனை கெட்டது, அவ்வளவுதான். மறுநாள் அவள் பால் பாத்திரத்தோடு வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். லைன் முழுக்கப் பல் விளக்கிக்கொண்டிருந்த நேரம்.

"தெரசம்மா, பூனைக்குப் பால் ஊத்தாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"யாரு ஊத்துனா? ஒங்க பூனைக்கு ஊத்தத்தான் நான் வெள்ளனே எந்திரிச்சு மாடு கறக்கேனா? எனக்கு வேற சோலி கெடையாதா?"

"முன்னாடி ஊத்துனீங்கள்ல?"

"ஊத்துனேன். நாலு சொட்டு. நீங்க வேண்டாம்னு சொன்ன அன்னையோட நிறுத்திட்டேன். மாதா மேல சத்தியம்."

"மாதாவ எதுக்கு இழுக்கீங்க? பூனை கழுத்தப் பாருங்க."

"கழுத்தப் பாத்தா? அதுல எம்பேரா எழுதியிருக்கு? ஊருக்கெல்லாம் ஒழுகல் அடைக்கிற மனுசன், வீட்டுக்குள்ள ஒரு பூனைய அடைக்கத் தெரியல. பேச வந்துட்டாரு!"

லைன் சிரித்தது. பல் விளக்குகிற நுரையோடு சிரித்தது. எனக்கு இன்றும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது. நீ புத்தகப் பையோடு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நீ மட்டும் உன் செருப்பைப் பார்த்தாய். அதை நான் கவனித்தேன். அப்போது பொருள் புரியவில்லை.

அன்றோடு தெரசம்மா நம் வாசலுக்கு வரவில்லை. உன் அம்மா மேல் லைனில் போய்ப் பால் வாங்கி வந்தாள். தெரசம்மா என்கிற வால்வு தானாகவே அடைபட்டது. ஆனால் பூனை சொறிவது நிற்கவில்லை. ஒரு வாரம் ஆகியும் நிற்கவில்லை. அப்படியென்றால் ஒழுகல் வெளியே இல்லை, வீட்டுக்குள்ளே. வீட்டுக்குள் இருந்தது மூன்று பேர். ஒருவன் நான். உன் அம்மாவைச் சந்தேகப்பட்டேன், ஒளிக்க மாட்டேன். அவள் செய்வதாக இருந்தால் சொல்லிக்காட்டிச் செய்வாள், மறைத்துச் செய்ய மாட்டாள். மிச்சம் யார் என்று யோசித்தபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. தவக்காலத்தில் நிறுத்துவது கறி மட்டுமா? உன் அம்மாவின் நேர்ச்சை. நாற்பது நாளும் நம் வீட்டில் பாலும் நிறுத்தம், தெரசம்மாவும் பால் பாத்திரத்தோடு வர மாட்டாள். கட்டங்காப்பிதான். நெஞ்சு சளிக்காக உனக்குச் சாயங்காலம் கொடுக்கிற ஒரு டம்ளர் பாலும் அந்த நாட்களில் கிடையாது. கறியை மட்டும் பார்த்தோமே தவிரப் பாலை ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மண்ணுக்கடியில் ஓடுகிற தண்ணீர் எங்கே வெளிவருகிறது என்று தெரியாவிட்டால் டேங்கில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துவிடுவேன். கீழே எந்த ஓடை நீலமாகிறது என்று பார்த்தால் போதும். அன்று சாயங்காலம் டேங்குக்குக் கிளம்பும்போது உன் அம்மாவிடம் சொன்னேன்:

"பயலுக்குப் பால்ல மஞ்சத்தூள் போட்டுக் குடு. கொஞ்சம் தூக்கலாப் போடு."

"அவனுக்கு இருமலே இல்லையே."

"வரும்" என்றேன்.

காலையில் உபதேசி என் காலடியில் வந்து உட்கார்ந்து முகத்தைத் தூக்கிப் பார்த்தது. வெள்ளை மோவாய் மஞ்சளாக இருந்தது. மீசை நுனிவரை மஞ்சள்.

உனக்குப் பாலாடை பிடிக்காது. குடித்தால் குமட்டும். குடிக்காவிட்டால் உன் அம்மா அடிப்பாள். நான் வால்வு அடைக்க மேலே போகிற நேரத்தில் பின்வாசல் படியில் உட்கார்ந்து நீ பூனைக்கு ஊற்றியிருக்கிறாய். வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்ன முதல் சில வாரம் பயந்து நீயே குடித்திருப்பாய், பிறகு முடியாமல் மறுபடி ஊற்ற ஆரம்பித்திருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியும். அந்த மோவாயை ஈரத்துணியால் நான்தான் துடைத்தேன், உன் அம்மா பார்ப்பதற்கு முன்னால். உன்னை அடிக்கவில்லை, கேட்கவில்லை. சளிக்குப் பால் ஆகாதாம் என்று அவளிடம் ஒரு பொய் சொல்லி உன் டம்ளரை நிறுத்தினேன். நீயும் ஏன் என்று கேட்கவில்லை. நீயாக வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். வாசலில் அந்தப் பெண்பிள்ளை சத்தியம் செய்ததை நீ கேட்டாய், லைன் என்னைப் பார்த்துச் சிரித்ததையும் கேட்டாய். இரண்டு பேரில் யாருக்காகவாவது வாய் திறப்பாய் என்று நினைத்தேன். திறக்கவில்லை.

பால் நின்ற பிறகு பூனைக்கு முழுசாகக் குணமானது. கழுத்து மூடியது, வயிற்றில் முடி வந்தது. அத்தோடு விட்டிருந்தால் நான் பைப் வேலை பார்த்தவன் இல்லை. ஒவ்வொரு வால்வாகத் திறந்தேன். நெத்திலி கொடுத்துக் காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. மாட்டுக்கறி கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. நிரபராதியை மாதக்கணக்கில் தள்ளி வைத்திருந்தோம். கடைசியில், மனசில்லாமல்தான், ஒரு கரண்டி பால் வைத்தேன். அடுத்த சில நாளில் பின்கால் கழுத்துக்குப் போனது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் உபதேசி பால் குடிக்கவே இல்லை. கிழடாகி, அடுப்படிச் சூட்டில் தூங்கும்போதுதான் செத்தது. உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். மிளகுக்கும் பால்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பூனைக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகும். மீனாக இருக்கலாம், கோழியாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். நீ எழுதிய மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் ஜெசிந்தா முழுகாமல் இருக்கிறாள் என்ற சந்தோஷம், பூனையும் நன்றாக இருக்கிறது. இரண்டாவதில் உன் மாமியார் பெரியகுளத்திலிருந்து நாட்டுக்கோழி முட்டை கொடுத்து அனுப்புகிறார், தினம் காலையில் அவித்துச் சாப்பிடச் சொல்லி உத்தரவு. கூடவே, ஜெசிந்தாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது, ஆனால் முட்டையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிடுகிறாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மூன்றாவதில் பூனைக்குத் தோல் வியாதி.

எதைப் பார்த்தாலும் குமட்டுகிற பெண் அவித்த முட்டையை மட்டும் சாப்பிடுகிறாளா? நீ நம்புகிறாயா? நீ சாயங்காலப் பாலை மடமடவென்று குடித்துவிடுகிறாய் என்று உன் அம்மாவும் தெரசம்மாவிடம் பெருமை பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஒருவர் தொண்டையில் வலுக்கட்டாயமாகத் திணிக்கிற பொருள் எங்கே போகும் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அவளை அதட்டிக் கேட்காதே. கேட்டால் இல்லை என்பாள். உன் மாமியாருக்குத் தெரிந்தால் முட்டைக்கும் பேச்சு, பூனைக்கும் பேச்சு. உனக்கு வெரசா வேலை முடிய வேண்டும் என்று மஞ்சள் தூளையும் தேடாதே. முட்டையில் மஞ்சள் ஏற்கெனவே இருக்கிறது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக் காலையில், நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, உன் பால் டம்ளரின் கதையை அவளிடம் சொல். பின்வாசல் படி, பாலாடை, உபதேசி, தெரசம்மா, எல்லாவற்றையும் சொல். நீ சொல்லாமல் அவள் சொல்ல மாட்டாள். நீ எனக்குச் சொல்லாத மாதிரி. சொன்ன பிறகு, முட்டை வேண்டாமென்றால் வேண்டாம், வேறு எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடு என்று சொல். தாய்க்குப் பிடிக்காததை வைத்துப் பிள்ளையை வளர்க்க முடியாது.

பிறகு மிளகுக்கு எல்லாவற்றையும் அடை. அது தின்றே இராத ஒன்றைத் தேர்ந்தெடு. நீங்கள் ஆட்டுக்கறி வாங்குவதில்லை என்றால் அதுவே போதும். ஒரே நாளில் மாற்றாதே, பழையதோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. பூனை கோபித்துக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால், பசி வந்தால் தின்னும் என்று விட்டுவிடாதே. பட்டினி பூனையின் ஈரலைக் கெடுக்கும், அப்போது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. தட்டைத் தனியாக வை. எலி பிடிக்க வெளியே விடாதே. பக்கத்து வீட்டில் நேராகப் போய்ச் சொல்லிவிடு. ஒரு தவக்காலத்தின் அளவு, நாற்பது நாள், பொறு, அதற்கு மேலும் இரண்டு வாரம் பொறு. நடுவில் யாராவது ஒரு வாய் கொடுத்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பி. குணமான பிறகு ஒவ்வொன்றாகத் திற. காரணத்தைக் கண்டுபிடித்ததும் மற்றதையெல்லாம் திருப்பிக் கொடு. ஆட்டுக்கறி மட்டுமே வருஷக்கணக்கில் கொடுத்தால் அதற்குப் போதாது. அது வெளிக்குப் போகிற சாம்பல் பெட்டியை நீ சுத்தம் செய், ஜெசிந்தா தொடக் கூடாது, பூனைக் கழிவு வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. குழந்தையைப் பற்றி உன் மாமியார் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன், அதுவும் அவர் அதைச் சொல்லவில்லை என்றாலும்.

தெரசம்மா இன்னும் லைன் முழுக்கப் பால் ஊற்றுகிறாள். நம் வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போகிறாள். நான் போய்ப் பேசப்போவதில்லை. அவள் சொன்ன அந்த வார்த்தைக்கு, லைன் சிரித்த சிரிப்புக்கு, நான் எந்த ஜென்மத்திலும் அவள் வாசலில் போய் நிற்க மாட்டேன். பால் ஊற்றியது நான் இல்லை. ஊற்றியவன் எப்போதாவது மலைக்கு வரும்போது போகலாம். அவளுக்கு வயதாகிவிட்டது, மாடும் ஒன்றுதான் மிச்சம். பிள்ளை பிறந்ததைச் சொல்லப் போவதுபோல் போனால்கூடப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் வருகிறேன். உன் மாமியார் வருவதற்குள் வந்துவிடுவேன். தூக்குவாளியில், சனிக்கிழமையே மன்னவனூர் போய் வாங்கிய கறி இருக்கும். மறு கையில் மூடி போட்ட பூனைக்கூடை இருக்கும், உபதேசியை மாட்டு டாக்டரிடம் கொண்டுபோன அதே கூடை. உன்னை நம்பாமல்தான் கொண்டுவருகிறேன். நான் வரும்போது மிளகு வீட்டில் இல்லை என்றால் வாசலில்கூட உட்கார மாட்டேன், நேரே மார்க்கெட்டுக்குப் போய்க் கடை கடையாகத் தேடுவேன். மிளகு வீட்டில் இருந்தும், நீ ஜெசிந்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்தால், அதைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். சொல்லியிருந்தால் தூக்குவாளியை அவள் கையில் கொடுத்துவிட்டு, கூடையைக் காலியாகவே திருப்பிக் கொண்டுபோகிறேன். காலிக் கூடையோடு மலையேறுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. லைன் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா